ஜீப்பில் மலையேறிய எழுத்து

போடிமெட்டுக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஏலக்காய் மூட்டைக்குக் காவலாகப் போயிருக்கிறேன், கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், சும்மா குளிரைப் பார்க்க உங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறேன். எழுத்தைத் தூக்கிக்கொண்டு போனது ஒரே ஒரு தடவைதான்.

நேற்று சின்னவன் கேட்டான். "அப்பா, கம்ப்யூட்டரு இங்கிலீசுக்காரங்க செஞ்சதுதான? அதுக்கு எப்பிடித் தமிழ் தெரியும்?" சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அதற்குச் சரியான பதில் மலைமேலே நடந்த ஒரு காரியத்தில் இருக்கிறது. அதனால் அந்தப் பயணத்தை உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். எங்கேயாவது தப்பாகச் சொல்லியிருந்தால் உங்கள் வாத்தியாரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

அப்போது பெரியவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். சின்னவன் பிறக்கவில்லை. நான் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் டைப்பிஸ்ட். தமிழ், இங்கிலீசு இரண்டும் அடிப்பேன். எங்கள் முதலாளிக்குக் கடை போடியில், தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில். காய் அங்கே விளையும், இங்கே வரும், இங்கிருந்து டில்லிக்கும் கான்பூருக்கும் போகும். ஆக எங்கள் கடைக்குள் எப்போதும் மூன்று பாஷை நடமாடிக்கொண்டிருக்கும்.

முதலாளி எதிலும் முதல் ஆளாக நிற்க ஆசைப்படுகிறவர். மெட்ராசிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை வரவழைத்தார். தமிழும் எழுதும், இந்தியும் எழுதும், மலையாளமும் எழுதும் என்று சொல்லி விற்றிருந்தார்கள். அதை வைத்த அறைக்குள் செருப்பில்லாமல்தான் போகவேண்டும். கடையில் வேறு எந்த அறைக்கும் அப்படி ஒரு மரியாதை கிடையாது.

பழக்கிவிட ஒரு மெட்ராஸ்காரத் தம்பி வந்திருந்தார். பொறுமையான பிள்ளை. அவர் எனக்கு விளக்கியதை என் பேச்சில் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. நம்பர் மட்டும்தான் தெரியும். உங்கள் வகுப்பில் வாத்தியார் பேரைச் சொல்லாமல் நம்பரைச் சொல்லி வருகை எடுப்பார் இல்லையா, அப்படி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர். முன்பக்கத்துப் பெஞ்சு முழுவதும் இங்கிலீசு எழுத்துகள் ஏறி உட்கார்ந்துவிட்டன. பின்பக்கத்துப் பெஞ்சு காலியாகக் கிடந்தது. நம் நாட்டு ஆட்கள் யோசித்து, நம் எழுத்துகளை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. இந்தி 'க'வுக்கு ஓர் இடம், தமிழ் 'க'வுக்கு ஓர் இடம், மலையாள 'க'வுக்கு ஓர் இடம் என்று கேட்டால் பெஞ்சு போதாது. 'க' என்ற சத்தத்துக்கு ஒரே இடம் போட்டுவிட்டார்கள். பையன் ஒருவன்தான், சட்டைதான் வேறு. ஒரு விசையைத் தட்டினால் தமிழ்ச் சட்டையைக் கழற்றி இந்திச் சட்டை மாட்டிக்கொண்டு நிற்பான். இந்தியில் உள்ள, நம்மிடம் இல்லாத எழுத்துக்கும் இடம் உண்டு, நம்முடைய 'ழ'வுக்கும் இடம் உண்டு.

எனக்குக் கஷ்டம் வேறு இடத்தில் வந்தது. தமிழ் டைப்ரைட்டரில் 'கெ' வேண்டுமென்றால் முதலில் கொம்பை அடிக்க வேண்டும், பிறகு 'க'. கையால் எழுதும் வரிசையும் அதுதான். கம்ப்யூட்டரில் அப்படி அடித்தால் கொம்பு தனியாக, துணைக்கு ஆள் வராத மாட்டைப் போல முழித்துக்கொண்டு நின்றது. 'க'வை முதலில் அடித்து அப்புறம் கொம்பை அடித்தால், கொம்பு தானாகவே போய் இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டது.

"சார், கண்ணு பாக்குற வரிசையை விட்டுருங்க. வாய் சொல்ற வரிசையில அடிங்க. அது போதும்" என்றார் தம்பி.

பழகிய விரல் கேட்குமா. ஒரு வாரம் நான் அடித்த 'போடி' ஒவ்வொன்றும் பிய்ந்து பிய்ந்து வந்தது. கணக்குப்பிள்ளை எட்டிப் பார்த்து, "என்னப்பா பரமசிவம், ஊரையே ஒடைச்சுப் போட்டுட்ட" என்பார்.

எல்லோரும் பார்க்கத் தம்பி ஒரு நாள் வித்தை காட்டினார். முதலாளியின் பெயரைத் தமிழில் அடித்து விசையைத் தட்டினார். இந்தியில் வந்தது. காய் வாங்க வந்திருந்த டில்லிக்காரர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு முதலாளி பெயரை அட்சரம் பிசகாமல் வாசித்தார். அடுத்து 'போடிநாயக்கனூர்'. அதையும் வாசித்தார். கடை ஆட்களெல்லாம் வாயைப் பிளந்துவிட்டோம். அன்றிலிருந்து வடக்கே போகும் பெட்டிக்கெல்லாம் பெயரும் ஊரும் இந்தியில்தான் போனது. எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. ஆக, மிசினுக்கு இந்தி தெரியும், மலையாளமும் தெரியும் என்பதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

இப்போது பயணத்துக்கு வருகிறேன்.

அதற்கு முந்தின வருஷம் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்த அன்று பேச்சி என்ற பெண் ஓடைத் தண்ணீரைக் குடித்துவிட்டாள். முத்துக்காளையின் சம்சாரம், காய் எடுக்கிறவள். நுரை தள்ளி மயங்கிக் கிடந்தவளை ஜீப்பில் போட்டு இறக்கிக்கொண்டு வந்தார்கள். போடி ஆஸ்பத்திரி வாசலில் முதலாளியோடு நானும் நின்றேன். முதலாளி கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தார், அது நனையவே இல்லை. பேச்சி பிழைத்துக்கொண்டாள். ஆனாலும் அந்த வருஷம் முழுக்க மலையிலிருந்து ஜீப் வேகமாக இறங்கி வந்தால் முதலாளி எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார்.

அப்போதும் ஓடைக்கரையில் எச்சரிக்கைப் பலகை இருக்கத்தான் செய்தது. சூப்பர்வைசர் வர்கீஸ் தன் கையால் மலையாளத்தில் எழுதி வைத்தது. தோட்டத்துப் பெரியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து தெரியாது. பிள்ளைகள்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் படிப்பது மலையாளப் பள்ளிக்கூடம்.

"வர்கீசு கையெழுத்து கோழி கெளறுன மாதிரி இருக்கும். எந்தப் பிள்ளை வாசிக்கும்?" என்றார் முதலாளி. "இந்த வருசம் மிசின் எழுத்துல போடுறோம். தமிழ்ல ஒரு கட்டு, மலையாளத்துல ஒரு கட்டு. பெருசு பெருசா அடி."

"என்னாண்டு அடிக்க, முதலாளி?"

"நான் சொல்றேன், அப்பிடியே அடி. எழுத்துத் தமிழெல்லாம் வேணாம். காதுல கேக்குறவுகளுக்குப் புரியணும்."

அறைக்குள் உலாத்திக்கொண்டே சொன்னார். காட்டுக்கு மருந்து அடிச்சிருக்கு. ஓடைத் தண்ணியத் தொடாதீங்க. மேல ஊத்துல போயி எடுங்க. ஆட்ட மாட்ட இந்தப் பக்கம் பத்தாதீங்க. சொன்னாக் கேளுங்கத்தா.

வாய் சொல்கிற வரிசையில் அடித்தேன். முதல் தடவையாக ஒரு கொம்பும் தனியே நிற்கவில்லை. தமிழில் ஒரு கட்டு எடுத்தோம். விசையைத் தட்டினேன். அத்தனை எழுத்தும் சட்டை மாற்றிக்கொண்டு உருண்டையாக வந்து நின்றன.

"பச்சைக் காயைக் களத்துல பரப்புன மாதிரி உருண்டு கெடக்கு பாரு. மலையாளந்தேன்" என்றார் முதலாளி திருப்தியாக.

போடியில் மலையாளம் பேசத் தெரியாத ஆள் குறைவு. வாசிக்கத் தெரிந்த ஆள் அதைவிடக் குறைவு. அந்த அறையில் ஒருவரும் இல்லை.

"நீயே கொண்டு போ. ஒட்டிட்டு, மருந்தடிக்கிற அன்னைக்கு ஓடைக்கரையில நின்னு பாத்துட்டு வா. ஒரு சொட்டு யாரு வாயிலயும் போகக்கூடாது" என்று சொல்லி என்னை அனுப்பினார். மருந்தடிக்க நாளும் குறித்தாயிற்று. நான் கிளம்பியதிலிருந்து மூன்றாம் நாள் காலை.

முதல் நாள் ஜீப்பில் ஏறினேன். ஜீப்பு என்றால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. உள்ளே ஒரு கூட்டம், பின்னால் தொங்கிக்கொண்டு ஒரு கூட்டம், முன்னால் டிரைவருக்கு ஒரு பக்கம் மட்டும் காற்று வரும். நான் இரண்டு கட்டுக் காகிதத்தையும் மடியில் வைத்து அணைத்துக்கொண்டு, காய் எடுக்கப் போகும் சிலமலை ஊர்ப் பெண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன்.

"அண்ணே, கொஞ்சம் ஒடுங்கி உக்காருங்க. பேப்பருக்கும் டிக்கெட்டு எடுத்தீகளா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"இது எழுத்துத்தா. கசங்கக்கூடாது."

"எங்க சேலை கசங்கலாம், இவரு எழுத்து கசங்கக்கூடாதாக்கும்" என்று அவள் சொல்ல, ஜீப்பே சிரித்தது. அப்புறம் அவளே தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு பணியாரத்தை என் கையில் வைத்தாள். கீழே போடியில் தின்றால் அது வெறும் பணியாரம். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி, காற்று குளிர ஆரம்பிக்கிற வளைவில் தின்றால் அதற்கு வேறு ருசி. இன்றைக்கும் அந்தக் காற்றை நினைத்தால் எனக்கு வெல்ல வாசனை வருகிறது.

பாதி மலையில் ஜீப்பு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. டிரைவர் சடையாண்டி மூடியைத் தூக்கினான். ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் இறங்கினோம். நான் கட்டு இரண்டையும் சீட்டில் வைத்துவிட்டுப் பாறையோரம் போய், கீழே தெரியும் போடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெயிலில் ஊர் வெள்ளைக் காகிதம் மாதிரி கிடந்தது. திரும்பினால் ரேடியேட்டர் மூடியைச் சுற்றிக் காகிதம். சூடு தாங்காமல் சடையாண்டி கைக்குக் கிடைத்த கட்டை எடுத்து, மூடியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தான். ஆவி பீறிட்டது. கட்டு முழுவதும் கூழாகிவிட்டது.

"யேய், என்னப்பா இது?"

"ஓரமெல்லாம் ஓட்டை போட்டிருந்துச்சுண்ணே. வேஸ்டு பேப்பருண்டு நெனைச்சேன்."

கம்ப்யூட்டர் காகிதத்துக்கு அந்தக் காலத்தில் இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை இருக்கும், மிசின் பிடித்து இழுப்பதற்காக. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. போனது தமிழ்க் கட்டு. மலையாளக் கட்டு சீட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. போகட்டும், பிள்ளைகள் வாசிக்கப்போவது மலையாளம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

போடிமெட்டில் சோதனைச்சாவடி. காவலர் ஒருவர் கட்டைத் தொட்டுப் பார்த்து, "என்ன நோட்டீஸ், கட்சி நோட்டீஸா?" என்று மலையாளத்தில் கேட்டார். பிரித்துக் காட்டினேன். தமிழ்நாட்டிலிருந்து தங்கள் எழுத்து இவ்வளவு அழகாக வருகிறதே என்று அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாசிக்கவில்லை. போ போ என்று கையைக் காட்டினார். எதிர்க் கடையில் கட்டன் சாயா குடித்தேன். நம் ஊர்க் கடையில் டீ என்றால் ஆடை படிந்து கரண்டி நிற்கிற மாதிரி இருக்க வேண்டும். அங்கே பால் இல்லாத தெளிந்த டீயை ஏதோ மருந்துபோல ஊதி ஊதிக் குடிக்கிறார்கள். அந்தக் குளிருக்கு அதுதான் சரி என்று இரண்டாவது வாயில் தெரிந்துவிடும்.

சாயங்காலம் தோட்டம் போய்ச் சேர்ந்தேன். காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த வாசனையை உங்களுக்கு எழுத்தில் காட்ட முடியாது. சட்டையில் ஏறினால் இரண்டு சலவைக்கும் போகாது. வர்கீஸ் நல்ல மனிதர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவித்த கப்பைக் கிழங்கும், அதாவது மரவள்ளியும், காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் வைத்தார். நான் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு தின்றபோது, அவர் கட்டைப் பிரித்து விளக்கடியில் பிடித்தார். வாசிக்க ஆரம்பித்தவர் நிறுத்தினார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பரமசிவம் சாரே, இது மலையாளம் அல்ல."

"மலையாளம் இல்லாம? எழுத்தப் பாருங்க."

"அட்சரம் மலையாளம். வாயிச்சால் தமிழ்." அவர் சத்தமாக வாசித்தார். "காட்டுக்கு மருந்து அடிச்சிருக்கு. இது நம்மட முதலாளி பேசுறதல்லோ. மிசினுக்கு மலையாளம் அறியும்னு யார் பறஞ்சது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சட்டைதான் மாறும் என்று தம்பி சொன்னதை நான் சட்டையோடு விட்டுவிட்டேன். பெயரும் ஊரும் எந்தப் பாஷையிலும் ஒன்றுதான். டில்லிக்காரர் வாசித்தது வெறும் பெயரை. பேச்சை மாற்ற அந்த மிசினுக்குத் தெரியாது. நாங்கள் கடை ஆட்கள் எல்லோரும் சேர்ந்து அதற்கு மூன்று பாஷை தெரியும் என்று முடிவு கட்டியிருந்தோம்.

வர்கீசின் சிரிப்பு கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. மருந்து டிரம்கள் வந்து இறங்கியிருந்தன. அடிக்கிற ஆட்களும் வந்துவிட்டார்கள். மழை பிடிக்கும் முன்னால் அடித்தாக வேண்டும், தள்ளிப்போட வழியில்லை. முதலாளிக்குச் சொல்லக் கிட்டத்தில் போனும் இல்லை.

"சாரமில்ல, விடுங்க. போன வருஷம்போல ஞான் கையால எழுதிடுறேன்" என்றார். போன வருஷம்போல என்று அவர் சொன்னது எங்கள் இரண்டு பேர் காதிலும் ஒன்றாக விழுந்தது. அதற்கப்புறம் இருவரும் கப்பையைத் தொடவில்லை.

இரண்டாம் நாள் காலையில் லயத்துக்குப் போனேன். லயம் என்றால் தோட்டத்து ஆட்களின் வீட்டு வரிசை. எல்லா வீட்டுக்கும் ஒரே கூரை. ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் நூறு வயசு என்பார்கள். பேச்சியைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. முத்துக்காளை வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணே. முதலாளி சௌக்கியமா? யேய் பேச்சி, கடை டைப்பண்ணன் வந்திருக்காரு, கஞ்சி கொண்டா."

கேப்பைக் கஞ்சியும் சுட்ட கருவாடும் வந்தது. பேச்சி இளைத்திருந்தாள். ஆனால் நடமாட்டம் பழையபடி இருந்தது.

"போன வருசம் போர்டை யாரும் வாசிக்கலையாத்தா?" என்று கேட்டேன்.

"வாசிக்காம என்ன. இந்தா நிக்கிறாளே செல்வி, இவதேன் கடகடண்டு வாசிச்சா. ரேடியோவுல சேதி வாசிப்பாகளே, அந்த மாதிரி இருந்துச்சு. சரித்தா, நல்லா வாசிக்கிறண்டு சொல்லிட்டுத் தண்ணியக் கோரிக் குடிச்சேன்."

"கடையில மலையாளம் பேசுறீகளே?"

"உப்பு, புளி, பஸ்சு எத்தனை மணிக்கு, அது பேசுவோம். அந்தப் போர்டு மலையாளம் பெரிய படிப்பு மலையாளம்ணே. இவளுக்கே புரியல."

செல்வி அவர்கள் மகள், மூன்றாம் வகுப்பு. தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள். "எனக்கு வாசிக்க மட்டுந்தான் தெரியும் மாமா."

"தமிழ் எழுத்து தெரியுமாப்பா?"

"அது எங்க ஸ்கூல்ல இல்ல."

பேச்சி கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என் பக்கத்தில் கட்டு கிடந்தது. அதைத் தூக்கி எறிய மனசு வராமல், கக்கத்திலேயே இடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். செல்வி தலையைச் சாய்த்து மேல் காகிதத்தைப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு எழுத்தைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாடம் ஒப்பிக்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"ஓ...டைத்... தண்ணி...ய... தொ...டா...தீங்க. மே...ல... ஊத்துல... போயி... எடுங்க."

உள்ளே சட்டி உருட்டும் சத்தம் நின்றது.

"சொன்...னா... கே...ளுங்...கத்தா."

பேச்சி முந்தானையைச் சரிசெய்துகொண்டு அவசரமாக வாசலுக்கு வந்தாள். இடதுபக்கம் பார்த்தாள், வலதுபக்கம் பார்த்தாள். "எங்க? மொதலாளி வந்திருக்காகளா?"

முத்துக்காளை தீட்டுகிற கத்தியை அப்படியே வைத்திருந்தான். நான் செல்வியைக் காட்டினேன். செல்வி காகிதத்தைக் காட்டினாள்.

"அம்மா, எழுத்து நம்ம ஸ்கூலு எழுத்து. பேச்சு நம்ம வீட்டுப் பேச்சு."

"ஓடையத் தொடக்கூடாதாம்ல. மேல ஊத்துக்குப் போகச் சொல்றாக" என்று பேச்சி அடுத்த வீட்டுக்காரியிடம் சொன்னாள். நான் அதுவரை ஒரு வார்த்தைகூட விளக்கியிருக்கவில்லை.

கட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். வர்கீஸ் தகரத்தில் பெயின்டால் பாதி எழுதி முடித்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பிரஷை டப்பாவில் போட்டுவிட்டு நாலைந்து பிள்ளைகளைப் பிடித்து வரச் சொன்னார். ஒவ்வொருவரையும் வாசிக்க வைத்தார். ஒவ்வொரு வாயிலும் முதலாளி பேசினார். ஒருவன் முதலாளி மாதிரியே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "சொன்னாக் கேளுங்கத்தா" என்றான்.

"ஞான் எழுதியதை இவன்மார் இங்ஙனே ஒரு நாளும் வாயிச்சில்ல" என்றார் வர்கீஸ். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் மைதாப் பசை காய்ச்ச அடுப்பை மூட்டியதும் அவர்தான்.

அன்று முழுவதும் பலகைகளில் ஒட்டி நட்டோம். ஓடைக்கரையில், பாதை பிரிகிற இடத்தில், லயத்துக் குழாயடியில். பனியில் நனையாமல் இருக்க நாற்றுப் பைக்கு வாங்கி வைத்த பிளாஸ்டிக் தாளை மேலே போர்த்தி ஆணி அடித்தோம். மலையாளம் தெரிந்தவர்களுக்காக வர்கீஸ் எழுதிய தகரமும் பக்கத்திலேயே நின்றது.

மூன்றாம் நாள் விடியும்போதே ஓடைக்கரைக்குப் போய்விட்டேன். பனி இறங்கி எதிரில் நிற்கிற செடி தெரியவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. தூரத்தில் மருந்தடிக்கிற மிசினைச் சுற்றி ஆட்கள் பேசுவது கேட்டது.  லயத்து வாசலில் வாசிப்பது வேறு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறவள் காலடியில் கிடக்கிற ஓடையை விட்டு மேட்டில் ஏறுவது வேறு. ஊற்று கிட்டத்தில் இல்லை.

முதலில் இரண்டு பெண்கள் வந்தார்கள். கூட வந்த பையன் பலகையைத் தட்டி வாசித்தான். "சரிடா, நேத்துலருந்து அதையேதேன் சொல்ற" என்று அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேட்டில் ஏறினார்கள். அடுத்து வந்தவர்களும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். பிள்ளைகளுக்கு அது பாட்டாகவே ஆகிவிட்டது. பனிக்குள்ளிருந்து ஆள் வரும் முன்னால் பாட்டு வந்தது.

கடைசியாகப் பேச்சி வந்தாள். அவள் குடத்தில் தண்ணீர் இருந்தது. 

"எங்கத்தா எடுத்த?"

"மேலதேன். போயிட்டு வந்துட்டேன். ராத்திரியே ரெண்டு நட நடந்து எல்லாத்தையும் ரொப்பிட்டேன்." குடத்தை மாற்றி வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தாள். "அண்ணே, ஒண்ணு கேக்கணும். இதை மொதலாளியே சொன்னாகளா, இல்ல நீங்களா எழுதுனீகளா?"

"அவர்தாம்மா. அறைக்குள்ள நடந்துக்கிட்டே சொன்னாரு. நான் அடிச்சேன்."

"கேட்டா அப்பிடித்தேன் இருக்கு" என்றாள். கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பினாள். "ஆசுபத்திரியில ஒரு வார்த்தை பேசல அவுக. வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டாகண்டு எனக்கு ஒரு இது இருந்துச்சு."

மிசின் ஓட ஆரம்பித்தது. பனியோடு மருந்து நெடியும் கலந்து வந்தது. சாயங்காலம் வரை அந்தக் கரையில் நின்றேன். ஒரு குடமும் ஓடையில் முங்கவில்லை.

மறுநாள் சடையாண்டி ஜீப்பிலேயே இறங்கினேன். வழியெல்லாம் அவன், "எழுத்து பத்திரமாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். போடி வெயில் முகத்தில் அடித்தபோது நான் போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது போல இருந்தது.

முதலாளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். "யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல முதலாளி."

"மலையாளம் எப்பிடி?"

நடந்ததைச் சொன்னேன். மிசினுக்கு மலையாளம் தெரியாது, நம் பேச்சை மலையாளச் சட்டை போட்டு அனுப்பியிருக்கிறது என்று சொன்னேன். கணக்குப்பிள்ளை சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. பேச்சி குரலைக் கேட்டு வாசலுக்கு ஓடி வந்ததையும், ஓடைக்கரையில் அவள் சொன்னதையும் சொன்னேன். அவர் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

"சொன்னாக் கேளுங்கத்தாண்டு கொஞ்சம் அதட்டலாச் சொல்லிட்டேனோ?"

"அது நல்லாத்தேன் இருந்துச்சு, முதலாளி."

செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் வந்தார். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த மருந்துக்கு இன்னும் நாள் கிடந்தது. ஆனாலும், "அதுல கடைசியா ஒரு வரி சேரு" என்றார்.

"சொல்லுங்க."

 தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "பேச்சி, ஒடம்பு இப்ப தேவலையா?"

வாய் சொன்ன வரிசையில் அடித்து விசையைத் தட்டினேன். அந்த அறையில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்தில் அது திரையில் வந்து நின்றது. முதலாளி வாசிக்கிறவர் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.